கொக்கி தெரியாத படங்கள்

பெரிய தொங்கும் தொட்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது கைபேசியில் சேமித்து வைத்த ஒரு படத்தை. வெள்ளைச் சுவர், ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில், நடுவில் ஒரு பெரிய கூடை, அதிலிருந்து ஆள் உயரத்துக்கு வழியும் கொடி. "இதே மாதிரி ஹாலுக்கு ஒண்ணு, பால்கனிக்கு ரெண்டு. எங்க சார் கிடைக்கும்?" அலுவலகத்தில் செடிக்காரன் என்று பெயர் வாங்கியதற்கான தண்டனை இது. நான் படத்தை விரலால் நகர்த்தி நகர்த்தி மேலே போவேன். சங்கிலி போய்க்கொண்டே இருக்கும், படம் முடிந்துவிடும். அது எதில் மாட்டியிருக்கிறது என்பது தெரியவே தெரியாது. இதுவரை எனக்குக் காட்டிய படங்களில் கொக்கி தெரிந்த படம் ஒன்றுகூட இல்லை.

"எதுல மாட்டப் போறீங்க?" என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. நிறத்தையும் செடியையும் பேச வந்தவரிடம் சிமென்ட்டைப் பற்றிக் கேட்பது, பெண் பார்க்க வந்தவரிடம் பிராவிடண்ட் ஃபண்ட் பற்றிக் கேட்பது போலத்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எட்டு அங்குலத்தில் தொடங்கியது

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. வந்த புதிதில் எட்டு அங்குல பிளாஸ்டிக் தொட்டிகள் ஆறு வாங்கி, கம்பியில் வரிசையாக மாட்டினேன். நான்கில் டேபிள் ரோஸ், இரண்டில் பெட்டூனியா. மார்கழி, தை முழுக்கப் பால்கனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாசி முடிவதற்குள் பெட்டூனியா போய்விட்டது. சென்னையில் அதன் ஆயுள் அவ்வளவுதான், அதற்காக நான் வருத்தப்படவில்லை. என்னை வாட்டியது கத்திரி. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் மதியம் மூன்று மணிக்குள் மண் தொட்டி ஓரத்தைவிட்டு விலகி நிற்கும். மறுபடி ஊற்றினால் தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராகக் கீழே ஓடும், வேர் நனையாது. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்விட்டு வந்தபோது, வெயிலுக்குப் பயப்படாத டேபிள் ரோஸே கருவாடாகியிருந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது தொட்டியின் தவறு என்று தெரியும். அரைக்கோள வடிவக் கூடையில் விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. வெயிலும் காற்றும் படும் பரப்பு நான்கு மடங்குதான். 8 அங்குலக் கூடை ஏறக்குறைய 2 லிட்டர் மண் கொள்ளும். 16 அங்குலக் கூடை, விளிம்புவரை நிரப்பினால், 17 லிட்டர். ஒரு லிட்டர் மண்ணுக்கு இழக்கும் ஈரம் பாதியாகக் குறைகிறது. தரையில் இருக்கும் தொட்டிக்கு ஒரு பக்கமாவது நிழல் உண்டு. தொங்குவதற்கு எல்லாப் பக்கமும் காற்று. எனவே தொங்கவிடுவதென்றால் பெரிதாகத்தான் தொங்கவிட வேண்டும். இந்தக் கருத்தில் நான் இன்றுவரை மாறவில்லை. சின்னச் சின்னதாகப் பத்து மாட்டி, பத்துக்கும் இரண்டு வேளை ஊற்றுவது செடி வளர்ப்பு இல்லை, ஊழியம்.

நர்சரிக்காரரும் அதையே சொன்னார். "பதினாறு இன்ச் எடுங்க சார். வெயில் காலத்துலகூட ஒரு வேளை ஊத்தினா போதும்." இரும்புக் கம்பிக் கூடை, உள்ளே தென்னை நார் விரிப்பு, மூன்று சங்கிலி. ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய செடிகளில் நல்ல மணி பிளான்ட்டாக நான்கு கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எதில் மாட்டுவாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மண் விஷயத்தில் நான் செய்தது இன்னொரு அபத்தம். தரைத் தொட்டிக்கு எது கலந்தேனோ அதையே இதற்கும் கலந்தேன்: செம்மண், ஆற்று மணல், சாண எரு. நிரப்பி முடித்ததும் தூக்க முடியவில்லை. மனைவியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஸ்டூலில் வைத்து, அங்கிருந்து கொக்கிக்கு ஏற்றினோம். தூக்க இரண்டு பேர் தேவைப்பட்ட ஒன்றை ஒற்றைக் கொக்கி நாள் முழுக்கத் தூக்கப்போகிறது என்று அந்த நேரத்தில் ஏன் உறைக்கவில்லை என்பது எனக்கே விளங்காத விஷயம்.

கொக்கி போட வந்த பையன் கெட்டிக்காரன்தான், சுவரில் திரைக்கம்பி மாட்டுவதில். பால்கனி மேற்கூரையில் துளை போட்டு, ஒரு பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, அதில் கொக்கியைத் திருகிவிட்டு, பிடித்து ஒரு இழு இழுத்துக் காட்டினான். "யானையே தொங்கலாம் சார்."

அந்த நவம்பர்

2021 நவம்பர். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சாரல் பால்கனிக்குள் கால்வாசி தூரம் அடித்தது. கூடையிலிருந்து நாள் கணக்காகச் சொட்டிக்கொண்டே இருந்தது. விடியற்காலை நாலு மணி இருக்கும், ஒரு சத்தம். பக்கத்துக் கட்டடத்தில் ஏதோ விழுந்தது என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன். அம்மாதான் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியில் அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை உடைந்து, இருக்கை நடுவில் பிளந்து. தினமும் ஐந்தரைக்குக் காப்பியோடு அவள் உட்காரும் நாற்காலி. கொக்கி கூடையோடு வந்திருந்தது. பிளக் கொக்கியோடு வந்திருந்தது. பிளக்கைச் சுற்றி, பிடுங்கிய பல்லில் ஒட்டிய சதைபோல, ஒரு வட்டம் பூச்சு. மேலே பார்த்தால் கான்கிரீட்டுக்குள் துளை அரை அங்குலம்கூடப் போயிருக்கவில்லை. பிளக்கின் பெரும்பகுதி சிமென்ட் பூச்சில்தான் நின்றிருக்கிறது.

யாரும் பேசவில்லை. அம்மா மண்ணை முறத்தில் அள்ள ஆரம்பித்தாள். இரண்டு முறம் அள்ளியபின் தலை நிமிராமலே கேட்டாள்: "கொளவியப் போட்டுப் பாத்தியால?"

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு ஊர் அம்பாசமுத்திரம். எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில், முதலில் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, அதைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். அதை எடுத்த பிறகுதான் பிள்ளை. நான் பார்த்திருக்கிறேன். சடங்கு என்று நினைத்திருந்தேன். கல்போலத் திடமாக வளரட்டும் என்பதற்காக என்று யாரோ சொன்னதாகவும் ஞாபகம். அம்மா அதை வேறு மாதிரி புரிந்துவைத்திருந்தாள். "கயிறு தாங்குமான்னு பாக்க வேண்டாமா? புள்ளையப் போட்டா பாக்க முடியும்? கல்லு விழுந்தா கல்லுக்கு ஒண்ணும் ஆவாதுலா." குழவி என்ற சொல்லுக்கே கல் என்றும் பிள்ளை என்றும் இரண்டு பொருள் இருப்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

அவள் சொல்வதுதான் அந்தச் சடங்கின் காரணமா என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் மண் அள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஊர் வீடு கண்முன் வந்தது. அடுக்களையில் உறி தொங்கும். மோரும் வெண்ணெயும் பூனைக்கு எட்டாமல் அதில் இருக்கும். முற்றத்தை ஒட்டி ஊஞ்சல். பட்டாசாலையில், அதாவது கூடத்தில், தொட்டில். வீடு முழுக்க எதையாவது தொங்கவிட்டுத்தான் வாழ்ந்திருக்கிறோம். ஒன்றுகூடக் கூரையில் தொங்கவில்லை. எல்லாம் உத்தரத்தில் தொங்கின. கூரை வெயிலுக்கும் மழைக்கும், உத்தரம் பாரத்துக்கு. அந்த வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுக்ககத்தில் உத்தரத்தைப் பூச்சு பூசி, வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே பிடிமானம், எங்கே வெறும் பூச்சு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

எடை போட்ட கதை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததைப் பார்த்து மனைவி சிரித்தாள். விமானப் பெட்டியை எடைபார்க்கும் சின்னத் தொங்கு தராசை எடுத்து, அதே கூடையை அதே கலவையால் மறுபடி நிரப்பி எடை பார்த்தேன். ஓரளவு உலர்ந்த மண்ணோடு 20 கிலோ. தண்ணீர் ஊற்றி, வடிவது நின்ற பிறகு 27. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தென்னை நார்த்தூள் மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் என்கிற பொரிபோல லேசான வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு கலந்து நிரப்பினேன். உலர்ந்தால் 5, நனைந்தால் 14. அதே கூடை, அதே செடி, பாரம் பாதி. நார்த்தூள் எங்கோ சீமையிலிருந்து வரவேண்டியதும் இல்லை. பொள்ளாச்சியில் தேங்காய் மட்டையிலிருந்து கயிறு எடுத்த பிறகு மிச்சமாவதுதான். 5 கிலோ கட்டி ஊறி உப்பினால் 60 லிட்டருக்கு மேல் வரும். ஒன்று மட்டும்: உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும். அதில் பெரிதாகச் சத்து கிடையாது என்பதால் பதினைந்து நாளுக்கொரு முறை ஏதாவது உரம் கரைத்து ஊற்றத்தான் வேண்டும். முழுக்கக் காய்ந்துபோனால் தண்ணீரை உள்ளே விடாமல் முரண்டு பிடிக்கும். இதெல்லாம் 13 கிலோ குறைவதற்குக் கொடுக்கும் விலை. எனக்குக் கட்டுப்படியாகிறது.

பிளக் விஷயத்தையும் பிறகுதான் புரிந்துகொண்டேன். சுவரில் அடித்த பிளக்கில் பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது. திருகு குறுக்காக நிற்கிறது, சுவரே தாங்குகிறது. மேற்கூரையில் அப்படி இல்லை. பிளக்கை எந்த வழியாக உள்ளே தட்டினோமோ அதே வழியாகப் பாரம் அதை வெளியே இழுக்கிறது, இரவும் பகலும். உராய்வு ஒன்றுதான் பிடிமானம். மேற்கூரைக்கு வேண்டியது இரும்பு ஆங்கர் போல்ட். திருகத் திருக உள்ளே விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். பூச்சைத் தாண்டி, கான்கிரீட்டுக்குள் குறைந்தது இரண்டு அங்குலம் போக வேண்டும். துளை போடும்போதே ஓரளவு தெரியும்: பூச்சு மிருதுவாக இறங்கும், கான்கிரீட்டில் மெஷினின் சத்தமே மாறிவிடும். ஜிப்சம் போர்டில் செய்த ஃபால்ஸ் சீலிங் என்றால் பேச்சே வேண்டாம். அது தன்னையே தாங்கிக்கொண்டிருப்பது பெரிய விஷயம்.

இந்த முறை வேறொருவர் வந்தார். 10 மில்லிமீட்டர் ஆங்கர், வாய் மூடிய வளையம். போட்டுவிட்டு அவரும் இழுத்துக் காட்டினார். அம்மா அவரை அசட்டையாகப் பார்த்துவிட்டு உள்ளே போய், பழைய நூல்சேலை ஒன்றையும், பால்கனிக் கதவுக்கு அண்டக்கொடுத்து வைத்திருந்த குழவியையும் கொண்டுவந்தாள். சேலையை வளையத்தில் போட்டுத் தொட்டில் கட்டினாள். குழவி 8 கிலோதான் இருந்தது. "பத்தாது" என்று நான் 20 லிட்டர் தண்ணீர் கேனை அதோடு சேர்த்து வைத்தேன். மூன்று நாள் எங்கள் பால்கனியில் ஒரு தண்ணீர் கேனும் ஒரு அம்மிக் குழவியும் சேலைத் தொட்டிலில் தூங்கின. எதிர் அடுக்ககத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மனைவி கவலைப்பட்டாள்.

14 கிலோ தொட்டிக்கு ஏன் 28 கிலோ என்று கேட்கலாம். அதற்கும் அம்மாதான் காரணம். ஸ்டூலில் ஏறித் தண்ணீர் ஊற்றுவது இந்த வயதில் தனக்கு ஆகாது, கிணற்றடியில் மாதிரி ஒரு ஜகடை போட்டுக் கொடு, இறக்கி ஊற்றி ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். அருமையான யோசனை, செலவும் குறைவு. ஒரு கப்பி, நைலான் கயிறு, சுவரில் கயிற்றைக் கட்ட ஒரு கொம்பு. ஆனால் கயிற்றை மறுமுனையில் சுவரில் கட்டிவிட்டால், கப்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே இழுவிசை. கயிறு ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும்போது, 14 கிலோ தொட்டிக்கு வளையத்தில் விழும் பாரம் 28 வரை போகிறது. ஜகடை நம் கைக்கு வசதி, கொக்கிக்கு இரட்டிப்பு வேலை. இதை எந்தக் கடையிலும் சொல்லக் கேட்டதில்லை. வெறும் சங்கிலியில் மாட்டியிருந்த ஒன்றை ஜகடைக்கு மாற்றுகிறவர்கள், கொக்கியையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று சங்கிலியைவிட நான்கு நல்லது. மூன்றில் ஒன்று அறுந்தால் கூடை அப்படியே கவிழும், நான்கில் ஒன்று போனால் சாய்ந்துகொண்டாவது நிற்கும். பழைய உறிகளில் பிரிகளை ஏன் கஞ்சத்தனம் பண்ணாமல் வைத்தார்கள் என்பது இப்போது புரிகிறது. வாய் திறந்த எஸ் கொக்கி வெளியில் வேண்டாம், காற்றில் ஆடி ஆடித் துள்ளிக் கழன்றுவிடும். பருத்திக் கயிற்றில் பின்னிய மாக்ரமே தொங்கல் வீட்டுக்குள் அழகு, மழையில் நனைந்தால் மக்கும். மெல்லிய பிளாஸ்டிக் நம் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்கினால் அதிகம். முதலில் விரிசல் விடுவது கொக்கி மாட்டும் துளையில்தான். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புச் சங்கிலியை வருடம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். புயல் என்று சொன்னால் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது எங்கள் பழைய வீட்டு எதிரில் ஒரு பால்கனித் தொட்டி ஊஞ்சல்போல ஆடி ஜன்னலை உடைத்ததைப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே, தெருவுக்கு மேலே தொங்கவிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

கீழ் வீட்டு வடாம்

கொக்கி நின்றுவிட்டது. பிரச்சினை கீழே போனது. இரண்டாம் மாடி மாமி ஒரு சித்திரை மாதக் காலையில் கதவைத் தட்டினார். கையில் தாம்பாளம், அதில் ஜவ்வரிசி வடாம், அதன் மேல் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக. "தம்பி, உங்க செடி குடிச்சது போக மிச்சத்தை எங்க வடாம் குடிச்சிருக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நார் விரிப்புக் கூடையில் தண்ணீர் எல்லாப் பக்கமும் கசியும். புதிய நார்த்தூள் முதல் சில வாரங்களுக்குத் தேநீர் மாதிரி வடியும். உள்ளே ஒரு கெட்டி பாலிதீன் தாளைப் போட்டு, அடியில் மட்டும் நாலைந்து துளை விட்டேன். கசிவும் குறைந்தது, ஈரமும் கூடுதல் நேரம் நின்றது. அடியில் மாட்டும் தட்டு ஒன்றும் வாங்கினேன். தட்டு வந்ததும் கொசு வந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தட்டில் நிற்கும் இரண்டு விரல்கடைத் தண்ணீர் தாராளம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கண் மட்டத்துக்கு மேலே தொங்கும் தட்டில் தண்ணீர் நிற்பது யார் கண்ணிலும் படாது. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்தான் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது ஜகடையில் இறக்கி ஊற்றி, பக்கெட் மேல் வைத்து வடியவிட்டு, பிறகு ஏற்றுகிறோம். தட்டே இல்லை. மாமிக்கு அந்த வருடம் என் மனைவி இரண்டு படி ஜவ்வரிசி வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் பெரிய தொட்டி வேண்டும் என்பவர்களிடம் நான் இன்னும் கறாராக இருக்கிறேன். ஹாலில் 16 அங்குல மண் தொங்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே வெயிலும் காற்றும் குறைவு, மண் காயாது. பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். வெளியே பெரியதைச் சிபாரிசு செய்யும் அதே காரணம் உள்ளே தலைகீழாகிறது. படத்தில் பார்த்த அந்தப் பிரமாண்டம் வேண்டுமென்றால் கூடையைப் பெரிதாக வாங்குங்கள், பிரம்போ பனையோலையோ. அதற்குள் 8 அல்லது 10 அங்குல பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை ஒளித்து வையுங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் தொட்டியை மட்டும் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்றி, வடிந்ததும் திரும்ப வைக்கலாம். ஜன்னலிலிருந்து நாலைந்து அடிக்குள் தொங்க வேண்டும். அதைத் தாண்டினால் மணி பிளான்ட்கூட இலைக்கு இலை நீண்ட இடைவெளி விட்டு ஏக்கத்தோடு ஜன்னல் பக்கமே நீளும். மின்விசிறிக் கொக்கி சும்மா கிடக்கிறதே என்று அறை நடுவில் மாட்டுகிறார்கள். பிடிமானத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லைதான், கட்டும்போதே கம்பியோடு சேர்த்து வார்த்தது. ஆனால் வெளிச்சமும் அங்கே இல்லை, நம் தலையும் அங்கேதான் நடமாடுகிறது. "காற்றைச் சுத்தம் பண்ணும் சார்" என்று கடையில் சொல்வார்கள். 1989இல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அந்த அளவு பலன் கிடைக்க, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பச்சையாக இருக்கிறது, பிடித்திருக்கிறது என்று வாங்குங்கள். போதாதா?

சென்ற மாதம் பால்கனியின் மறுகோடியில் இரண்டாவது வளையம் போட்டோம். அதற்குக் கூடை இன்னும் வாங்கவில்லை. கேனும் குழவியும் தொட்டிலில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தவர், அதைப் பார்த்துவிட்டு என்ன சார் இது என்றார். அம்மா அவருக்கும் குழவிக் கதையைச் சொன்னாள். முதல் வளையத்தில் மூன்று வருடமாக ஒரு அசைவில்லை, கொடி இப்போது கம்பியைத் தொட்டுவிட்டது, மிக்ஜாம் புயலுக்கு இறக்கி ஏற்றியபோதும் கெட்டியாகத்தான் இருந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், அந்தத் தொட்டிக்குக் கீழே நிழலாக இருக்கிறதே, அங்கே உட்காரலாமே அம்மா என்றார்.

"இருக்கட்டும்யா" என்றாள் அம்மா, நாற்காலியை இருந்த இடத்திலிருந்து நகர்த்தாமல்.